கிரிப்பில் பெயர் எடுக்க மோட்டார் சைக்கிள் லீசிங்: யாழ்ப்பாண மாணவருக்கு

கிரிப்பில், அதாவது எங்கள் கடன் பதிவுகளை வைத்திருக்கும் பணியகத்தில், நல்ல பெயர் எடுக்கவேண்டும் என்ற காரணத்துக்காக மட்டும் மோட்டார் சைக்கிளை லீசிங்கில் (நிதி நிறுவனத்தின் காசில் எடுத்து மாதாமாதம் கட்டும் குத்தகையில்) எடுக்காதீர்கள். வண்டி கட்டாயம் தேவை, மாதக் காசு கட்ட உங்கள் கையிலேயே வருமானம் இருக்கிறது என்றால் எடுக்கலாம். ஒழுங்காகக் கட்டினால் நல்ல பதிவும் கூடவே வந்து சேரும். ஆனால் பதிவுக்காக வண்டி எடுப்பவர், நான்கு லட்சம் ரூபாக் கடனுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபா வட்டி கட்டி அந்தப் பதிவை வாங்குகிறார். அதே பதிவைச் சில ஆயிரம் ரூபா செலவில் எடுக்க வழி இருக்கிறது. கணக்கும் வழியும் கீழே வருகின்றன.

பதிவுக்காக வண்டி எடுக்கும் யோசனை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ரொறன்ரோவில் இருக்கும் மாமா, லண்டனில் இருக்கும் அக்கா, போன் எடுக்கும்போது "இப்பவே கிரெடிட்டைக் கட்டு" என்பார்கள். அவர்கள் இருக்கும் இடத்தில் அது சரியான புத்திமதி. அங்கே வீடு வாடகைக்கு எடுக்கவும் மாதாந்தப் போன் இணைப்பு வாங்கவும்கூடக் கடன் பதிவைப் பார்ப்பார்கள். பதிவே இல்லாதவரை நம்பத் தயங்குவார்கள். இங்கே கோண்டாவிலில் அறை வாடகைக்கு விடுகிறவர் உங்கள் கிரிப்பைப் பார்ப்பதில்லை, எந்த ஊர், யாருடைய பிள்ளை என்றுதான் கேட்பார். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: படிப்பு முடிந்து கனடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போகப்போகிறவருக்கு இங்கே கட்டிய கடன் பதிவு அங்கே கைகொடுக்காது. அங்கே முதலாம் நாளிலிருந்து புதிதாகத் தொடங்கவேண்டும்.

கிரிப்பில் என்ன விழும், என்ன விழாது

1990 இன் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தைத்தான் நாங்கள் கிரிப் என்கிறோம். வங்கிகள், நிதி நிறுவனங்கள், லீசிங் கம்பனிகள் தாங்கள் கொடுத்த கடன்களின் விவரத்தை அங்கே அனுப்புகின்றன. எடுத்த கடன் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, எந்த மாதம் எத்தனை நாள் பிந்தியது என்பதெல்லாம் அறிக்கையில் இருக்கும். யாருக்குப் பிணை நின்றீர்கள், உங்கள் காசோலை ஏதும் திரும்பியதா, எந்தெந்த நிறுவனம் உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்தது என்பவையும் வரும்.

சீட்டுக் கட்டியது, கைமாற்று வாங்கித் திருப்பியது, தனியாரிடம் மீற்றர் வட்டிக்கு (கடும் வட்டிக்கு) எடுத்துக் கட்டி முடித்தது எதுவும் அதில் வராது. பத்து வருடம் சீட்டுக் காசைத் தவறாமல் கட்டிய அம்மாவின் நாணயம் ஊருக்குத் தெரியும், கிரிப்புக்குத் தெரியாது.

"கிரிப்பில் போட்டுவிட்டார்கள்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கறுப்புப் பட்டியல் என்று ஒன்று அங்கே இல்லை. பணியகம் பதிவை வைத்திருக்கிறது, கடன் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பது வங்கி. படிப்பு முடித்து முதல் வேலையில் சேர்ந்தவர் கடன் கேட்டால் சம்பள உறுதிக் கடிதம், சம்பளம் வந்த கணக்கின் கூற்று, சேமலாப நிதி, பிணையாளிகள் என்றுதான் வங்கி பார்க்கும். கிரிப் வெறுமையாக இருப்பது இங்கே குறையில்லை. கறை விழுந்திருந்தால்தான் அந்தக் கோப்பு மேசையிலேயே நின்றுவிடும். இருபது வயதில் கறை விழ இருக்கிற மிக இலகுவான வழி, வருமானம் இல்லாமல் 36 மாதத் தவணைக்குக் கையெழுத்து வைப்பது.

முதலில் பார்க்கவேண்டியது: லீசிங் யார் பெயரில்?

மாணவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இது. 18 வயது ஆனவர் ஒப்பந்தம் எழுதலாம், ஆனால் வருமானம் காட்டமுடியாத மாணவருக்கு நிதி நிறுவனம் தனியாக லீசிங் கொடுப்பது அரிது. "அப்பாவின் பெயரில் போடுவோம், தம்பி ஓடட்டும்" என்றுதான் பேச்சு முடியும். அப்படிப் போட்டால் பதிவு முழுவதும் அப்பாவின் பெயரில்தான் விழும். நீங்கள் பகுதிநேர வேலை செய்து மாதாமாதம் உங்கள் காசைக் கட்டினாலும் உங்கள் அடையாள அட்டை இலக்கத்துக்கு எதிரே ஒரு வரிகூட வராது. எந்த நோக்கத்துக்காக எடுத்தீர்களோ அது தொடக்கத்திலேயே போய்விடுகிறது.

அதனால் விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுத்து ஒன்றைப் பாருங்கள். குத்தகைக்காரர் என்ற இடத்தில் யாருடைய பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதப்படுகின்றன? அங்கே உங்கள் பெயர் தனியாகவோ கூட்டாகவோ இல்லையென்றால், கிரிப்பைப் பற்றிய பேச்சை அதோடு விட்டுவிடலாம். வண்டி தேவையா, விலை கட்டுமா என்று மட்டும் யோசியுங்கள்.

பிணை நிற்பவரின் நிலை

உங்கள் பெயரில் கொடுத்தாலும் பிணையாளி கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் அரச வேலையில் இருக்கிற சித்தப்பா, ஆசிரியையான பெரியம்மா, பக்கத்து வீட்டு அண்ணா. அவர்கள் "கையெழுத்துத்தானே" என்று வைத்துக் கொடுப்பார்கள். அந்தக் கையெழுத்தோடு உங்கள் கடன் அவர்களுடைய கிரிப் அறிக்கையிலும் ஏறுகிறது. நீங்கள் ஒரு பைசாவும் பிந்தாமல் கட்டினாலும், சித்தப்பா வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி அந்தப் பிணையையும் கணக்கில் எடுக்கலாம். நீங்கள் மூன்று மாதம் பிந்தினால் அவருடைய விண்ணப்பம் உங்களால் நிற்கும். காரணம் என்னவென்று வங்கி சொல்லும்போதுதான் அவருக்கே தெரியவரும்.

பிணை கேட்கப் போகும்போது கடன் தொகை, மாதக் காசு, எத்தனை மாதம், எந்தத் திகதி என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒப்பந்தப் பிரதி ஒன்றையும் அவருக்குக் கொடுங்கள். ஒவ்வொரு மாதமும் கட்டிய பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர் கேட்கமாட்டார், ஆனால் அனுப்பவேண்டியது உங்கள் கடமை.

வட்டிக் கணக்கு

ஆறு லட்சம் ரூபா வண்டி, இரண்டு லட்சம் முற்பணம், நான்கு லட்சம் லீசிங், 36 மாதம் என்று வைப்போம். முற்பணம் எவ்வளவு என்பது முழுவதும் உங்கள் விருப்பம் இல்லை. வாகனப் பெறுமதியில் எத்தனை வீதம்வரை கடன் கொடுக்கலாம் என்று மத்திய வங்கி வரம்பு வைக்கிறது, அது காலத்துக்குக் காலம் மாறும்.

விற்பனை நிலையத்தில் "வட்டி 15 வீதம்தான்" என்பார்கள். அது பிளாட் வட்டியா, குறைந்து செல்லும் மீதிக்கான வட்டியா என்று உடனே கேளுங்கள். பிளாட் என்றால் நான்கு லட்சத்துக்கும் மூன்று வருடமும் முழு வட்டி. வருடத்துக்கு 60,000, மூன்று வருடத்துக்கு 180,000. மொத்தம் 580,000. மாதக் காசு 16,111 ரூபா. நீங்கள் மாதாமாதம் முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள், ஆனால் கடைசி மாதம்வரை முழு நான்கு லட்சத்துக்கும் வட்டி கட்டுகிறீர்கள். இதைக் குறைந்து செல்லும் மீதிக் கணக்கில் பார்த்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 26 வீதம் வரும்.

நீங்களே சரிபார்க்கலாம். போனில் எக்செல் இருந்தால் ரேட் என்ற சூத்திரத்தில் 36, கழித்தல் 16111, 400000 என்ற மூன்று எண்களையும் கொடுத்து, வரும் விடையை 12 ஆல் பெருக்குங்கள். எக்செல் இல்லையென்றால் மாதக் காசை மாதங்களால் பெருக்கிக் கடன் தொகையைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் நீங்கள் கட்டும் வட்டி. இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது ஒரே கடன் தொகை, ஒரே மாத எண்ணிக்கைக்குக் கேட்டு மாதக் காசை ஒப்பிடுங்கள். வட்டி வீதங்களை ஒப்பிட்டால் ஒருவர் பிளாட்டும் மற்றவர் மற்றதும் சொல்லி உங்களைக் குழப்பமுடியும்.

முதல் வருட முடிவில் நீங்கள் கட்டியிருக்கும் தொகை 193,332 ரூபா. மிச்சக் கடன் இன்னும் 299,000 ரூபா அளவில் நிற்கும். இரண்டு லட்சம் ரூபாவுக்குக் கிட்டக் கட்டியும் முதலில் குறைந்தது ஒரு லட்சம்தான். ஒரு வருடத்தில் படிப்பு மாறினால், வெளிநாட்டுப் பயணம் சரிவந்தால், வண்டியை விற்றுக் கடனை முடிக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை மனதில் வைத்திருக்கவேண்டும். பாவித்த வண்டியின் விலையும் நிலையானதல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல் மீண்டும் திறக்கப்பட்டது. இப்படியான முடிவுகளோடு பாவித்த வண்டிகளின் விலையும் ஏறி இறங்கும்.

மாதக் காசு மட்டும் செலவில்லை. பருத்தித்துறையிலிருந்து திருநெல்வேலிக் கம்பஸுக்கு (யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு) ஒரு வழி ஏறத்தாழ 30 கிலோமீற்றர். மாதம் 22 நாள் போய்வந்தால் 1,320 கிலோமீற்றர். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் வண்டி, லீற்றர் 300 ரூபா என்று பிடித்தால் பெற்றோலுக்கு 8,800 ரூபா. எஞ்சின் ஒயில், பிரேக், செயின், டயருக்கு மாதம் 2,500 ஒதுக்குங்கள். இந்த ஓட்டத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றவேண்டி வரும். காப்புறுதியையும் வாகன வருமான அனுமதிப் பத்திரத்தையும் மாதத்துக்குப் பிரித்து 1,500 சேர்த்தால் எல்லாமாக 29,000 ரூபா அளவில் வந்து நிற்கும். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மஹாபொல மாணவர் உதவித்தொகை மாதம் 7,500 ரூபாவாக உயர்ந்தது. அதுவும் மாதத்தின் ஒரே திகதியில் கைக்கு வரும் என்று நம்பித் தவணைத் திகதி வைக்கக்கூடிய காசில்லை. 750 இலக்க பஸ்ஸில் பருவச்சீட்டோடு போய்வருகிறவரின் மாதச் செலவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் படிக்கிறவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் ஏ9 வீதியால் மோட்டார் சைக்கிளில் போய்வர வண்டி எடுப்பதை நாங்கள் ஆதரிக்கமாட்டோம். ஒரு வழியே அறுபது கிலோமீற்றருக்கு மேல். இரவில் பார வாகனங்களோடு ஒரே பாதையில், விரிவுரை முடிந்த களைப்போடு ஓடவேண்டும். அங்கே அறை எடுத்துத் தங்குவது காசுக்கும் உயிருக்கும் நல்லது.

எங்கள் அளவுகோல் இதுதான். மாதக் காசு உங்கள் சொந்த வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 16,111 ரூபாத் தவணைக்கு 50,000 ரூபா அளவில் வருமானம் வேண்டும். அதோடு மூன்று தவணைக் காசு, அதாவது 48,333 ரூபா, தொடாமல் தனிக் கணக்கில் கிடக்கவேண்டும். சுவிஸிலிருந்து அண்ணா அனுப்பும் காசை வருமானமாகக் கணக்கிடாதீர்கள். அவருக்கு வேலை போனாலோ பிள்ளை பிறந்தாலோ அந்த மாதம் காசு பிந்தும். உங்கள் தவணைத் திகதி அவருக்காகக் காத்திராது.

பதிவு வேண்டும், வண்டி அவசரமில்லை என்றால்

இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, நிலையான வைப்பின் மேல் சிறு கடன். 50,000 ரூபாவை ஒரு வருட நிலையான வைப்பில் போடுங்கள். அதைப் பிணையாக வைத்து 40,000 ரூபாவை 12 மாதத் தவணையில் கட்டும் கடனாகக் கேளுங்கள். வருடத்துக்கு 11 வீதம் குறைந்து செல்லும் வட்டி என்றால் வருடம் முழுவதற்கும் வட்டி ஏறத்தாழ 2,420 ரூபா. வைப்புக்கு வரும் வட்டி அதை ஈடுசெய்யும். எடுத்த 40,000 ரூபாவைச் செலவழிக்காமல் சேமிப்புக் கணக்கில் போட்டு, அங்கிருந்தே தவணை தானாகக் கழியும்படி நிலையியல் கட்டளை கொடுங்கள். விண்ணப்பிக்குமுன் வங்கி அலுவலரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது மாதத் தவணைக் கடனா, இது கிரிப்புக்கு அறிவிக்கப்படுமா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் எடுக்கவேண்டும். வருட முடிவில் ஒரே தொகையாகக் கட்டும் கடனில் மாதாமாதப் பழக்கம் தெரியாது.

இரண்டாவது, நிலையான வைப்பைப் பிணையாக வைத்து எடுக்கும் கடன் அட்டை. மாதம் ஒருமுறை பெற்றோலோ புத்தகமோ வாங்கி, கடைசித் திகதிக்கு முன் முழுத் தொகையையும் கட்டுங்கள். கூற்றில் ஆகக்குறைந்த தொகை என்று சிறிதாக ஒன்று போட்டிருப்பார்கள். அதை மட்டும் கட்டினால் மிச்சத்துக்கு ஏறும் வட்டி லீசிங்கைவிட மோசமாகப் போகலாம். அட்டையால் இயந்திரத்தில் காசு எடுக்கவே கூடாது, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

வண்டியும் வேண்டும், ஆனால் ஒரு வருடம் பொறுக்கமுடியும் என்பவர் இன்னொரு கணக்கைப் பார்க்கலாம். கையில் இருக்கும் முற்பணம் இரண்டு லட்சத்தோடு மாதம் 16,000 ரூபாவைச் சேமித்தால் 13 மாதத்தில் 408,000 ரூபா. அந்தக் காசுக்குப் பாவித்த வண்டி ஒன்றை முழுவதும் உங்களுடையதாக வாங்கலாம். பிணையும் தேவையில்லை, 36 மாதமும் தேவையில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "மிச்சத் தவணையை நீ கட்டிக்கொள், வண்டியை எடு" என்று லீசிங்கில் இருக்கிற வண்டியைக் கைமாற்றும் பழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. வேண்டாம். நீங்கள் கட்டும் காசு அவருடைய பதிவில் சேரும். அவர் முன்பு பிந்தியிருந்தால் வண்டி உங்கள் முற்றத்திலிருந்து போகும். 2000 இன் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழான லீசிங்கில் வண்டி கடன் முடியும்வரை நிறுவனத்தின் சொத்து. அதை விற்க அவருக்கு உரிமை இல்லை. பாவித்த வண்டி வாங்கும்போது சி.ஆர். புத்தகத்தை (வண்டியின் பதிவுச் சான்றிதழை) நேரில் வாங்கி, அப்சலூட் ஓனர் (முழு உரிமையாளர்) என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே ஏதாவது நிறுவனத்தின் பெயர் இருந்தால் காசு கொடுக்கவேண்டாம். அந்த இடம் வெறுமையாக இருந்தால் வண்டியைச் சாய்த்து வைத்து, செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் துணியால் துடைத்துப் புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இலக்கம் சுரண்டப்பட்டிருந்தால், அல்லது ஒரு எழுத்து மாறியிருந்தால், விலை எவ்வளவு குறைவென்றாலும் திரும்பி வந்துவிடுங்கள். கையெழுத்து மட்டும் வைத்த ஓப்பின் பேப்பரோடு வண்டியை ஓடாமல், உடனேயே பெயரை மாற்றுங்கள்.

லீசிங்தான் என்று முடிவானால்

விண்ணப்பிக்குமுன் உங்கள் கிரிப் அறிக்கையை நீங்களே எடுங்கள். அடையாள அட்டையோடு வங்கிக் கிளையில் கேட்கலாம், பணியகத்தின் இணையவழியாகவும் பெறலாம். உங்கள் பெயரில் தெரியாத கடனோ பிணையோ இருக்கிறதா என்று பாருங்கள். பிணை நிற்கப்போகிறவரையும் தன்னுடையதை எடுக்கச் சொல்லுங்கள். அவருடைய பதிவில் பிழை இருந்தால் அதனால் உங்கள் விண்ணப்பமும் நிற்கும்.

அடையாள அட்டைப் பிரதி கொடுக்கும்போது பேனையை எடுத்து, அதன் குறுக்கே "மோட்டார் சைக்கிள் லீசிங் விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று எழுதி, நிறுவனத்தின் பெயரையும் திகதியையும் போட்டு, எழுத்து உங்கள் படத்தின் ஓரத்தைத் தொடும்படி கையெழுத்து வையுங்கள். சில விற்பனை நிலையங்களில் ஒரே பிரதியை நாலு கம்பனிக்கும் அனுப்பி எது முதலில் சரிவருகிறதோ அதை எடுப்பார்கள். ஒவ்வொரு கம்பனியும் உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்தது கிரிப்பில் பதிவாகும். ஒரே வாரத்தில் நாலு இடத்தில் கடன் கேட்டவர் என்று அடுத்த வங்கி நினைக்கும். வட்டியை வாயால் விசாரியுங்கள், விண்ணப்பத்தை ஒரு இடத்தில் மட்டும் கொடுங்கள்.

கொண்டுபோகவேண்டியவை: அடையாள அட்டை, வதிவிடத்துக்குக் கிராம அலுவலர் சான்றிதழ் அல்லது உங்கள் முகவரியில் வரும் மின்சாரப் பட்டியல், வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு அல்லது வங்கிக் கூற்று, பிணையாளிகளின் இதே ஆவணங்கள். நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்று மத்திய வங்கியின் இணையத்தளத்திலுள்ள பட்டியலில் பாருங்கள்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழ்ப் பிரதி கேளுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோய், விளங்கியவர் ஒருவரோடு இருந்து வடிவாக வாசித்த பிறகு கையெழுத்து வையுங்கள். "இன்றைக்கே போட்டால்தான் இந்த வட்டி" என்று அவசரப்படுத்துகிற இடத்தில் போடவேண்டாம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து எந்த நிலையிலும் வேண்டாம். மாதக் காசு, எத்தனை மாதம், தவணைத் திகதி, பிந்தினால் ஏறும் வட்டி, ஆவணக் கட்டணம், முன்கூட்டியே முடித்தால் வட்டியில் எவ்வளவு கழிப்பார்கள் ஆகிய ஆறும் எழுத்தில் இருக்கவேண்டும். கடைசியைத்தான் பலர் கேட்பதில்லை. வாயால் "கழிப்போம்" என்று சொன்னதை இரண்டு வருடம் கழித்து யாரும் நினைவு வைத்திருக்கமாட்டார்கள்.

தவணைத் திகதியை உங்களுக்குக் காசு வரும் நாளுக்கு ஐந்து நாளாவது பின்னால் வைக்கச் சொல்லுங்கள். சம்பளம் 25 ஆம் திகதி வந்தால் தவணை மாத முதல் வாரத்தில் இருக்கட்டும். தொடக்கத்தில் கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள்.

லீசிங் வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி போதாது, முழுக் காப்புறுதி கேட்பார்கள். வண்டி முற்றாக நாசமானால் காப்புறுதிக் காசு முதலில் நிதி நிறுவனத்துக்குத்தான் போகும். அனுமதிப்பத்திரம் இல்லாத நண்பர் ஓடி விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் கோரிக்கையை நிராகரிக்கலாம், தவணை மட்டும் தொடரும். விடுதியில் திறப்பைச் சுவரில் கொழுவி வைத்து எல்லோரும் எடுக்கும் பழக்கம் லீசிங் வண்டிக்கு ஆகாது.

கட்டும்போது எங்கே பிழைக்கிறது

காசு இல்லாமல் பிந்துவது ஒரு பங்கு. காசு இருந்தும் பிந்துவது இன்னொரு பங்கு. கடைசி நாளில் இயந்திரத்தில் போட்ட காசு சிலவேளை அடுத்த வேலை நாளில்தான் கணக்கில் ஏறும், இடையில் போயா விடுமுறை வந்தால் இன்னும் பிந்தும். ஒப்பந்த இலக்கத்தில் ஒரு எண் மாறினால் காசு வேறொருவர் கணக்குக்குப் போகும். ஆகவே மூன்று நாள் முன்னதாகக் கட்டுங்கள், பற்றுச்சீட்டிலுள்ள ஒப்பந்த இலக்கத்தை அங்கேயே நின்று பாருங்கள். வெப்பத் தாளில் வரும் பற்றுச்சீட்டின் எழுத்து ஆறு மாதத்தில் மங்கிவிடும், அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். வீட்டுக்கு வந்து காசு வாங்கும் அலுவலரிடம் கொடுத்தால் அச்சிட்ட பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள்.

காப்புறுதி புதுப்பிக்கப் பிந்தினால் சில நிறுவனங்கள் தாங்களே புதுப்பித்து அந்தத் தொகையை உங்கள் கணக்கில் ஏற்றிவிடும். நீங்கள் வழமையான 16,111 ரூபாவைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள், கணக்கோ ஒவ்வொரு மாதமும் நிலுவை என்று காட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கூற்று எடுத்துப் பார்த்தால் இது பிடிபடும்.

ஒரு தவணை கட்டமுடியாது என்று தெரிந்தால், திகதி வருமுன் கிளைக்கு நேரில் போய்க் கதையுங்கள். போனை எடுக்காமல் ஒளிப்பதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. தவணையை மாற்றி அமைக்க எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வண்டியைப் பறிக்கும் நிலைக்குப் போனால் பறிப்புச் செலவும் தரிப்புச் செலவும் உங்கள் கணக்கில் ஏறும். விற்ற விலை மிச்சக் கடனுக்குக் காணாவிட்டால் மீதியையும் நீங்களும் பிணையாளியும்தான் கட்டவேண்டும். வண்டி போனால் கடனும் போய்விடும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். மிரட்டினால், அல்லது கணக்கில் பிழை இருந்தும் கிளை திருத்த மறுத்தால், முதலில் நிறுவனத்தின் தலைமையகத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். பிறகு மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழையுங்கள்.

கடைசித் தவணைக்குப் பிறகு

36 ஆவது மாதக் காசைக் கட்டியதும் கணக்கு தானாக மூடிவிடாது. எப்போதோ ஏறிய 350 ரூபாத் தாமதக் கட்டணம் அதில் தொங்கிக்கொண்டிருக்கலாம். அது நிற்கும்வரை கிரிப்பிலும் அந்தக் கடன் நிலுவையோடு உயிரோடு நிற்கும். கிளைக்குப் போய் முடிவுத் தொகையை எழுத்தில் கேட்டு, ஒரு ரூபாவும் மிச்சம் வைக்காமல் கட்டி, கடன் தீர்ந்த கடிதத்தை வாங்குங்கள். மூல சி.ஆர். புத்தகத்தையும் அவர்களிடம் இருக்கிற இரண்டாவது திறப்பையும் மறக்காமல் கேளுங்கள். அப்சலூட் ஓனர் பெயரை நீக்குவதற்கான ஆவணங்களை அவர்கள் தந்ததும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கொடுத்துப் பெயரை நீக்குங்கள். இதைத் தள்ளிப்போட்டு, வண்டியை விற்கப்போகும் நாளில்தான் பலர் ஓடித்திரிகிறார்கள். அதற்குள் நிறுவனம் வேறொன்றோடு இணைந்திருந்தால் அலைச்சல் இரட்டிப்பாகும்.

இரண்டு மாதம் கழித்து உங்கள் கிரிப் அறிக்கையை மீண்டும் எடுங்கள். பிணை நின்றவரையும் எடுக்கச் சொல்லுங்கள். கடன் முடிந்ததாக இரண்டு அறிக்கையிலும் வந்திருக்கவேண்டும். வரவில்லையென்றால் கடன் தீர்ந்த கடிதத்தின் பிரதியோடு நிதி நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதிவை அனுப்பியவர்கள் அவர்கள், திருத்தமும் அவர்களிடமிருந்துதான் போகவேண்டும். கடிதத்தின் பிரதியைப் பணியகத்துக்கும் அனுப்பி, அனுப்பிய பதிவுத் தபால் துண்டைச் சி.ஆர். புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.